நரம்பிணைப்பு உருவாக்கம்

நரம்பிணைப்பு உருவாக்கம் என்பது ஒரு நரம்பணு மற்றொரு நரம்பணுவுடனோ தசை இழையுடனோ தகவல் பரிமாறும் சந்திப்பிடத்தை அமைத்துக்கொள்ளும் நிகழ்வு ஆகும். இச்சந்திப்பிடம் நரம்பிணைப்பு அல்லது சினாப்சு எனப்படுகிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் உண்டு. ஆனால் மனிதரில் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. எனவே ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி முகவரியை மரபணுக்களில் எழுதிவைத்தல் இயலாது. மாறாக, உயிரணுக்கள் சுரக்கின்ற அல்லது தம் மேற்பரப்பில் தாங்குகின்ற வேதிக் குறிகைகள் இணைப்புகளைப் படிப்படியாக உருவாக்குகின்றன.

இலக்கைத் தேடல்

1940களில் அமெரிக்க அறிவியலாளர் ரோஜர் ஸ்பெர்ரி, நீர்நில வாழ்வனவற்றின் பார்வை நரம்பை வெட்டிக் கண்ணை 180 பாகை திருப்பி வைத்தார். நரம்பு மீண்டும் வளர்ந்த பின், மேலே இரை தோன்றினால் தவளை கீழ்நோக்கிப் பாய்ந்தது. இப்பிழை பயிற்சியாலும் மாறவில்லை. நரம்பிழைகள் தத்தம் பழைய இலக்குகளையே தேடிச் சென்றன என்பதை இது காட்டியது. இதனடிப்படையில், நரம்பிழைகளும் இலக்குகளும் பொருந்தும் வேதி அடையாளங்களைக் கொண்டுள்ளன என்ற வேதிநாட்டக் கருதுகோளை அவர் 1963இல் விரிவாக வெளியிட்டார்.

1995இல் எஃப்ரின் எனப்படும் புரதங்கள் இத்தகைய அடையாளங்களாகச் செயல்படுவது கோழிக்கருவில் கண்டறியப்பட்டது. இவை நடுமூளையின் பார்வைப் பகுதியில் முன்னிருந்து பின்னாகச் செறிவு கூடும் வகையில் பரவியுள்ளன. எஃப்ரின் ஏற்பிகள் மிகுந்த நரம்பிழைகள் விலக்கப்பட்டு முன்பகுதியிலேயே நின்றுவிடுகின்றன. ஏற்பிகள் குறைந்தவை பின்பகுதி வரை செல்கின்றன. இவ்வாறு சில புரதங்களின் செறிவு வேறுபாடே ஒரு வரைபடமாக அமைகிறது.

நரம்புத்தசைச் சந்தி

அளவில் பெரியதும் ஆய்வுக்கு எளிதில் எட்டுவதுமாகிய நரம்புத்தசைச் சந்தியே மிக நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். இங்கு நரம்பு முனைக்கு நேர் கீழே, தசைப் பரப்பின் ஒரு சதுர மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ 10,000 அசிட்டைல்கோலின் ஏற்பிகள் குவிந்துள்ளன. சற்றுத் தள்ளி அவை மிகச் சிலவே.

இக்குவிப்புக்கான குறிகை எங்குள்ளது என்பதை 1979இல் தவளைகளில் செய்த சோதனை காட்டியது. நரம்பையும் தசை இழையையும் அழித்து, இழையைப் போர்த்தியிருந்த அடிச்சவ்வை மட்டும் விட்டுவைத்தனர். நரம்பு இன்றியே தசை மீண்டும் வளர்ந்தபோது, ஏற்பிகள் பழைய சந்தி இருந்த இடத்திலேயே குவிந்தன. எனவே குறிகை அடிச்சவ்வில் தங்கியிருந்தது. பின்னர் அது மின்திருக்கை மீனின் மின்னுறுப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1987இல் அக்ரின் எனப் பெயரிடப்பட்டது.

நரம்பு முனை சுரக்கும் அக்ரின், தசையிலுள்ள எல்.ஆர்.பி.4 என்னும் புரதத்துடன் பிணைந்து, மஸ்க் என்னும் நொதியேற்பியைத் தூண்டுகிறது. தசையின் உள்ளிருக்கும் டாக்-7 இத்தூண்டலுக்குத் துணைபுரிகிறது. இறுதியில் ராப்சின் என்னும் புரதம் ஏற்பிகளை ஒன்றாகப் பிடித்துவைக்கிறது. அக்ரினோ மஸ்க்கோ இல்லாத எலிகள் மூச்சுவிட இயலாது பிறந்தவுடன் இறப்பதை 1996இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

எனினும் அக்ரின் மட்டுமே குவிப்பைத் தொடங்கிவைக்கிறது என்ற கருத்து பின்னர் மாறியது. நரம்பே இல்லாத எலிக்கருவிலும் தசையின் நடுப்பகுதியில் ஏற்பிகள் குவிவது 2001இல் தெரியவந்தது. 2005இல் வெளியான ஆய்வுகளின்படி, நரம்பு வெளியிடும் அசிட்டைல்கோலின் இக்குவியல்களைக் கலைக்கிறது; அக்ரின் அவற்றைக் காக்கிறது. ஆகவே ஒரே நரம்பு முனையிலிருந்து எதிரெதிரான இரு குறிகைகள் வருகின்றன. அவை சேர்ந்து முனைக்குக் கீழுள்ள குவியலை மட்டும் நிலைக்கச் செய்கின்றன.

மூளையில் இணைப்புகள்

மூளையில் ஒரே குறிகை எங்கும் ஆள்வதில்லை. நியூரோலிஜின் புரதத்தை ஏந்திய, நரம்பணு அல்லாத உயிரணுக்கள் கூட, தம்மைத் தொடும் நரம்பிழையில் இணைப்பின் முன்பகுதியை உருவாக்கத் தூண்டுவது 2000இல் அறியப்பட்டது. நரம்பிழையிலுள்ள நியூரெக்சின் இதன் இணைப்புரதமாகும். சிறுமூளையில் செரிபெலின்-1 என்னும் சுரப்புப் புரதம் இரு நரம்பணுக்களுக்கும் பாலமாக நிற்கிறது.

நரம்பணுக்களைச் சூழ்ந்துள்ள ஆஸ்ட்ரோசைட்டுகளும் இதில் பங்கேற்கின்றன. இவை சுரக்கும் திராம்போஸ்பாண்டின் புதிய இணைப்புகளை உண்டாக்குவது 2005இல் கண்டறியப்பட்டது. ஆனால் அவை வடிவில் முழுமை பெற்றும் குறிகையைப் பெறாத ஊமை இணைப்புகளாக இருந்தன. அவற்றைச் செயற்படவைப்பதில் கிளிப்பிகான் புரதங்களின் பங்கு 2012இல் தெரியவந்தது.

மிகையான இணைப்புகளின் நீக்கம்

தேவைக்கு மேல் இணைப்புகளை உருவாக்கிப் பின்னர் குறைப்பது வளர்ச்சியின் இயல்பாகும். பிறந்த எலியில் ஒரு தசை இழைக்குப் பல நரம்பிழைகள் வந்து சேர்கின்றன. ஏறத்தாழ இரு வாரங்களில் ஒன்றே எஞ்சுகிறது. மூளையின் பார்வைப் பாதையில், நோயெதிர்ப்பில் அறியப்பட்ட சி1கியூ முதலிய நிரப்புப் புரதங்கள் இணைப்பு நீக்கத்தில் பங்கேற்பது 2007இல் அறியப்பட்டது.

மருத்துவ முக்கியத்துவம்

மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோயில் உடலின் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்குகின்றன. இவ்வெதிர்ப்பொருள்கள் காணப்படாத நோயாளிகள் சிலரிடம் மஸ்க்குக்கு எதிரானவை இருப்பது 2001இலும், எல்.ஆர்.பி.4க்கு எதிரானவை இருப்பது 2011இலும் கண்டறியப்பட்டன. டாக்-7 மரபணுவின் பழுதால் பிறவியிலேயே தசைத்தளர்ச்சி உண்டாவது 2006இல் தெரியவந்தது. பிற தசைத்தளர்ச்சி வகைகளில் பயன்தரும் பிரிடோஸ்டிக்மின், டாக்-7 பழுதுள்ளோரின் நிலையை மோசமாக்கக்கூடும். அவர்களுக்கு சால்பூட்டமால் அல்லது எபிட்ரின் பயன் தருகிறது. அறிகுறிகள் ஒத்திருந்தாலும், பழுதுற்றது எந்தப் புரதம் என்று அறிவது சிகிச்சையையே மாற்றுகிறது.