நவம்பர் 19

ஜனாதிபதியின் பதவியேற்பைச் சுபவேளை பார்த்துத்தான் வைக்கிறார்கள் என்று எங்கட பக்கத்தில் பலர் சொல்வார்கள். நேரத்தைச் சோதிடர் குறிக்கலாம். திகதியில் அரசியலமைப்பும் கை வைத்திருக்கிறது. தவணைக்கு முன் தேர்தல் வைத்துப் பதவியில் இருப்பவரே மீண்டும் வென்றால், முதல் பதவிக்காலம் தொடங்கிய திகதி திரும்ப வரும்வரை இரண்டாவது தொடங்காது. ஜே.ஆர். ஜயவர்தன 1982 ஒக்டோபரில் வென்றும் 1983 பெப்ரவரி 4 வரை பொறுத்தார். சந்திரிகா பொறுக்கவில்லை; 1999 டிசம்பர் 22இலேயே சத்தியப்பிரமாணம் செய்தார். 2006 வரை இருக்கலாமென்ற அவரது கணக்கை 2005 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

வன்னிக்கு உறைக்கும் திகதி 2005 நவம்பர் 19. இரண்டு நாள் முன்னர் நடந்த தேர்தலில் புலிகளின் பகிஷ்கரிப்பால் வன்னியின் பெரும்பகுதி வாக்களிக்கவில்லை. மஹிந்த வென்ற வித்தியாசமோ ஒரு இலட்சத்து எண்பதாயிரம் சொச்சம். 2010 ஜனவரி 26இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கும் வாக்குரிமை இருந்தது. 1990இல் விரட்டப்பட்ட எங்கட சனத்தில் பலர் அப்போதும் புத்தளத்தில். மஹிந்தவே வென்றார். உயர் நீதிமன்றம் சொன்ன திகதி அதே நவம்பர் 19.

"தையில போட்ட வோட்டு கார்த்திகையிலயா முளைக்கும்?" என்று வவுனியாப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த இடைவெளியில்தான், செப்டம்பரில், இரண்டு தவணை வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தம் நிறைவேறியது.

2015இல் புதியவர் வென்றதால் காத்திருப்பு இல்லை. ஜனவரி 9 மாலையே சுதந்திர சதுக்கத்தில் மைத்திரிபால சிறிசேன பதவியேற்றார். பிரதம நீதியரசர் முன்னல்ல, நீதியரசர் க. ஸ்ரீபவன் முன்னிலையில். சட்டம் அதற்கும் இடம் வைத்திருக்கிறது.