கொற்கையும் ஒரு பென் டிரைவும்



பாண்டியரின் முத்துத் துறைமுகமான நம் கொற்கையை விட்டுக் கடல் விலகியது தாமிரபரணி வண்டலால். துறைமுகம் காயலுக்கு மாறிற்று.

என் கொற்கைக் குறிப்பேட்டுக்கும் அதே கதிதான். 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த 'டாப்' எழுத்துருவில் தட்டச்சு செய்தது. 2010இல் அரசு யூனிகோடுக்கு மாறியது. புதுக் கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்.

பேரன் பென் டிரைவில் ஒரு மெய்நிகர்க் கணினி வைத்துத் தந்தான். கணினிக்குள் இன்னொரு கணினி! ஐ.பி.எம். 1972லேயே பெரிய கணினிகளுக்கு இதைத் தந்தது. என் பழைய விண்டோஸ், எழுத்துரு எல்லாம் அதற்குள். 'க்யூஇமு' மென்பொருள், நிறுவாமலே ஓடும், மெதுவாகத்தான்.

எழுத்துகள் தெரிந்தன. ஊர்ப் பெரியவர்கள் சொன்னவை. சொன்னவர் ஒருவரும் இன்று இல்லை.

உங்கள் பழைய கோப்புகளை இப்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள், பிள்ளைகளே.