இந்தப் பாட்டுக்காரங்களுக்கு ஏன் இவ்வளவு பந்தா?

போன மாதம் என் மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்த பாட்டு வகுப்பை விடப் போகிறாளாம். டீச்சர் திட்டினாரா, தொண்டை கஷ்டமா என்று கேட்டால், "அதெல்லாம் இல்லப்பா. அங்க எல்லாரும் ஓவர் பந்தா. புரியலன்னா நாமதான் மட்டம்ங்கற மாதிரி பாக்கறாங்க" என்கிறாள். நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த பெண். 'பந்தா' என்ற வார்த்தையைக் கற்றுவைத்திருக்கிறாளே என்று முதலில் சந்தோஷப்பட்டேன் :-) பிறகுதான் விஷயம் உறைத்தது.

அதே வாரம் அலுவலக நண்பர் ஒருவர் நியூயார்க்கில் ஒரு ஜாஸ் கச்சேரிக்கு அழைத்துப் போனார். தரைக்குக் கீழே சின்ன அறை. சாக்ஸபோன்காரர் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் வாசித்தார். என்ன பாட்டு என்று சொல்லவில்லை, எங்கள் பக்கம் பார்க்கவும் இல்லை. பாட்டின் நடுவிலேயே சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டிக் கைதட்டினார்கள். எங்கே தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தப்பாகத் தட்டிவிடுவோமோ என்று கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நாற்பது தாண்டிய பேங்க் ஆபீசர் மறுபடி பத்து வயதுப் பையனாகிவிட்டேன்.

ஏன் பத்து வயது? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

என் ஊர் சித்தூர். தமிழும் தெலுங்கும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிடும் ஊர். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா வெல்ல மண்டியில் கணக்கு எழுதினார். பேரேட்டைக் கூட்டிக்கொண்டே வாய்க்குள் ஒரு தெலுங்குப் பாட்டை முணுமுணுப்பார். அது ஆனந்தபைரவியில் 'மதுரா நகரிலோ' என்று பெரியவனான பிறகுதான் தெரிந்தது. கிராமபோன் காலத்தில் அதைப் பிரபலமாக்கியவர் எங்கள் ஜில்லாக்காரர், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை.

1989 என்று நினைக்கிறேன். யாரோ இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள் என்று நைனா என்னைத் திருப்பதிக்கு ஒரு கச்சேரிக்குக் கூட்டிப் போனார். தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. மிருதங்கக்காரர் ஒரு பிரமாதமான அடி அடித்ததும் சந்தோஷத்தில் நான் படபடவென்று கைதட்டிவிட்டேன். முன்வரிசையில் பட்டு அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல, நைனாவை. "கணக்கு தெரியாதவங்களையெல்லாம் யாருய்யா உள்ள விட்டது?"

நைனா ஒன்றும் சொல்லவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டோம். பஸ் சந்திரகிரி தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார். என் முதுகில் விரலால் தட்டிக் காட்டினார். "ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஒவ்வொண்ணுலயும் நாலு மாத்திரை, மொத்தம் முப்பத்திரெண்டு. அந்தாளு கடைசில வாசிச்சது பத்து, ஒண்ணு, பத்து, ஒண்ணு, பத்து. கூட்டிப் பாரு. டேலி ஆகுதா?" ஆனது. "எனக்கா கணக்கு தெரியாது?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை. ரேடியோ மட்டும்தான்.

இந்தக் 'கணக்கு' எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1898-ல் புங்கனூரில் பிறந்தவர். அப்பா ஹரிகதை சொல்பவர். ஹரிகதைக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சிரிக்கலாம், அழலாம், நடுவில் எழுந்து வீட்டுக்கும் போகலாம். அந்த வீட்டுப் பிள்ளை காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்து குருகுலமாக இருந்து படித்தார். (சின்ன வயதில் நாயனா பிள்ளை என்றால் யாரோ ஒருவருடைய அப்பா என்றே நினைத்திருந்தேன்.)

நாயனா பிள்ளை 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். இசைத்தட்டு எதுவும் கொடுக்காமலே போய்விட்டார். அவருடைய கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். கோர்ட்டில் நீதிபதிகள் வரிசையாக உட்காருவதுபோல, வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம். ஒரே ஒரு வரியைப் பல்லவியாக எடுத்துக்கொண்டு இரட்டிப்பு, நாலு மடங்கு என்று வேகம் மாற்றி, சொன்ன இடத்தில் சரியாக வந்து இறங்க வேண்டும். ஒரு மாத்திரை தவறினால் பெஞ்ச் முழுக்கச் சிரிக்கும். 'இது பாட்டா, கணக்குப் பாடமா?' என்று அப்போதே குறைப்பட்டவர்கள் உண்டு. பந்தா என்ற புகார் ஒன்றும் புதுசில்லை.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நாயனா பிள்ளை காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் குடும்பத்தைச் சேர்ந்தவர். கோயிலிலும் கல்யாணத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் ஆடியும் வாசித்தும் வந்த சமூகம். வித்தையைக் கொண்டாடுவார்கள், ஆளைத் திண்ணையோடு நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட நிலையில் ஒரு மனிதன், 'நான் உன்னைச் சந்தோஷப்படுத்த வந்த கூலிக்காரன் இல்லை, இது ஒரு சாஸ்திரம், நீ கவனித்துக் கேள்' என்று சொல்ல வேண்டுமானால் என்ன செய்வான்? யாராலும் மறுக்க முடியாத ஒன்றைக் கையில் எடுப்பான். ராகம் நன்றாக இருந்ததா என்பதில் அபிப்பிராய பேதம் வரலாம். முப்பத்திரண்டு முப்பத்திரண்டுதான். மண்டியில் நைனாவின் பேரேட்டை முதலாளியே வந்தாலும் மறுக்க முடியாது. அந்த மாதிரி.

ஜாஸிலும் இதே கதைதான். 1930களில் ஜாஸ் என்றால் ஆட்டத்துக்கு வாசிக்கும் இசை. நியூயார்க் ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், கீழே வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் இடம். 1940களின் தொடக்கத்தில் அதே ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இடத்தில் தெலோனியஸ் மங்க், டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் போன்றவர்கள் கூடி, யாராலும் ஆட முடியாத வேகத்தில், சுலபத்தில் காப்பியடிக்க முடியாத சிக்கலோடு வாசிக்க ஆரம்பித்தார்கள். அதுதான் பீபாப். இதில் வரிக்கும் பங்கு உண்டு (காமர்ஸ் படித்தவனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா!). 1944-ல் அமெரிக்க அரசு, ஆட்டமும் பாட்டும் உள்ள கேளிக்கை விடுதிகளுக்கு 30 சதவீத வரி போட்டது. பிறகு அதை 20 ஆகக் குறைத்தார்கள். யாரும் ஆடாமல், பாடாமல், வெறும் வாத்தியம் மட்டும் என்றால் வரி இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கும் இசையாக ஜாஸ் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மைல்ஸ் டேவிஸ் என்ற டிரம்பெட் மேதை, சபைக்கு முதுகைக் காட்டி நிற்பார், பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார் என்று பெரிய புகார். திமிர் பிடித்தவர் என்றார்கள். 1959 ஆகஸ்டில் பேர்ட்லாண்ட் கிளப்பில் அவர் கச்சேரி. இடைவேளையில் வாசலில் வந்து நின்றார். 'இங்கே நிற்காதே, நகரு' என்றது போலீஸ். நான் இங்கே வாசிக்கிறவன் என்று தன் பெயர் எழுதியிருந்த பலகையைக் காட்டினார். மண்டையில் ரத்தம் வர அடித்து இழுத்துப் போனார்கள். இதைப் படித்த பிறகு அவருடைய முதுகு எனக்குப் பந்தாவாகத் தெரியவில்லை.

அப்படியானால் பந்தா என்பதே பொய்யா? இல்லை. நைனா பட்ட அவமானம் பொய்யில்லை, என் மகள் சொல்வதும் பொய்யில்லை. என் கணக்கு இதுதான். மேடையில் இருந்தவர்கள் தங்கள் மரியாதைக்காகக் கட்டிய மதிலை, பின்னால் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் கைப்பற்றிக்கொண்டு வாசலில் டிக்கெட் கிழிக்கிறார்கள். பாடியவரின் உழைப்பு இவர்களுக்கு அந்தஸ்தாகிவிட்டது. இரண்டையும் ஒரே தலைப்பில் பற்று வைத்தால் பேலன்ஸ் ஷீட் தப்பாகத்தான் வரும்.

ஆதாரம் வேண்டுமா? சித்தூர் பிள்ளையின் சிஷ்யர்தான் மதுரை சோமு. அதே பல்லவிப் பரம்பரை, அதே கணக்கு. ஆனால் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஜனம் உட்கார்ந்து கேட்டது. 1972-ல் 'தெய்வம்' படத்தில் அவர் பாடிய மருதமலைப் பாட்டு தெரியாத தமிழர் வீடு உண்டா? குருவும் சும்மா இல்லை. 1954-ல் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியவர், பிறகு திருப்பதி வெங்கடேஸ்வரா இசைக் கல்லூரியில் முதல்வராக இருந்து எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலையைச் செய்தார்.

திருப்பதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 15-ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் பேச்சுத் தெலுங்கில் ஆயிரக்கணக்கில் பாடினார். அவை செப்பேடுகளில் கோயில் அறைக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தன. ஏட்டில் ராகத்தின் பெயர் உண்டு, ஸ்வரக் குறிப்பு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற பெரும் வித்வான்கள் பல பாட்டுகளுக்கு மெட்டமைத்தார்கள். எம்.எஸ். பாடி வந்த தட்டுகள் டீக்கடை வரை போயின. அலிபிரியில் படியேறும் சனத்தில் யாராவது 'இது ஓவர் பந்தா' என்று சொல்லி நான் கேட்டதில்லை. திருமலையில் 2009 முதல் நாத நீராஜனம் என்ற மேடை இருக்கிறது. மொட்டைத்தலையோடு, கையில் லட்டுப் பையோடு யாரும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். அதே ராகம், அதே தாளம்தான் அங்கேயும். வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நைனா இப்போது இல்லை. இதையெல்லாம் ஒரு ராத்திரி மகளிடம் சொன்னேன். பத்து, ஒன்று, பத்து, ஒன்று, பத்து என்று டைனிங் டேபிளில் தட்டிக் காட்டினேன். மூன்றாவது தடவை அவளே தட்டினாள். சரியாக இறங்கினாள்.

"பாட்டு போரடிச்சா விட்டுடும்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா யாரோ ஒருத்தர் திரும்பிப் பாத்தாங்கன்னு விடாத. உங்க தாத்தா அப்படித்தான் விட்டாரு."

போன ஞாயிறு வகுப்புக்குப் போனாள். அடுத்த ஞாயிறு என்ன ஆகும் என்று தெரியவில்லை. வருட முடிவில் அவர்கள் வகுப்புக் கச்சேரி இருக்கிறது. அதில் அவள் பாடினால், எனக்குப் பிடித்த இடத்தில் நான் கைதட்டுவதாக இருக்கிறேன். யார் வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கட்டும்.