வாட்சனின் பெயரில் இருக்கும் 'ஹெச்'

ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயத்தில் நண்பனிடம் ஒருமுறை நூறு ரூபாய் பந்தயம் தோற்றிருக்கிறேன். டாக்டர் வாட்சனின் முழுப்பெயர் ஜான் ஹாமிஷ் வாட்சன் என்றேன். "எந்தக் கதையில வருது, காட்டு" என்றான். பிபிசி தொடரில் வாட்சனே சொல்கிறாரே என்றேன். "டேய், அது தொடர். டாயில் எங்கடா எழுதினாரு?"

நான்கு நாவல்கள், 56 சிறுகதைகள். தேடிப் பார்த்துவிட்டேன், ஹாமிஷ் எங்கேயும் இல்லை. 'ஜான் ஹெச். வாட்சன்' என்பதோடு சரி. அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்துதான் வந்தது?

ஒரு பிழையிலிருந்து வந்தது. கானன் டாயில் வேகமாக எழுதுவார், எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அதிகம் கிடையாது. 1887இல் வந்த முதல் நாவலில் வாட்சனுக்கு ஆப்கன் போரில் தோளில் குண்டு படுகிறது. 1890இல் வந்த இரண்டாம் நாவலில் காயம் காலுக்கு இறங்கிவிடுகிறது. 1891இல் வந்த ஒரு கதையில் வாட்சனின் மனைவியே அவரை 'ஜேம்ஸ்' என்று கூப்பிடுகிறார். கட்டின புருஷன் பேரே மறந்துபோச்சு!

எழுத்தாளரின் கவனக்குறைவு என்று இதைக் கடந்து போயிருக்கலாம். ரசிகர்கள் விடுவார்களா? டோரதி எல். சேயர்ஸ் (அவரே பெரிய துப்பறியும் நாவலாசிரியர்) 1940களில் ஒரு கட்டுரை எழுதினார். ஜேம்ஸ் என்ற பெயரின் ஸ்காட்லாந்து வடிவம் ஹாமிஷ். ஆக 'ஹெச்' என்பது ஹாமிஷ், அதை மனைவி செல்லமாக ஆங்கிலப்படுத்தி ஜேம்ஸ் என்று அழைத்திருக்கிறார் என்பது அவர் வாதம். டாயில் இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2012இல் பிபிசி தொடரின் வாட்சன் தன் நடுப்பெயர் ஹாமிஷ் என்கிறார். தொடரை உருவாக்கிய மொஃபாட்டும் கேட்டிஸும் ஹோம்ஸ் பைத்தியங்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. எனக்குத்தான் தெரியவில்லை.

இந்த விளையாட்டுக்கு சேயர்ஸுக்கும் முன்னால் ஒரு மூத்தவர் உண்டு. ரொனால்ட் நாக்ஸ், பின்னாளில் கத்தோலிக்கக் குருவானவர். 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். பைபிளில் எந்தப் பகுதி யார் எழுதியது, எது பிற்சேர்க்கை என்று ஜெர்மன் அறிஞர்கள் நுணுகி நுணுகி ஆராய்ந்த காலம் அது. அந்த முறையைக் கிண்டல் செய்ய, அதே முகபாவத்தோடு ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்தார். கிண்டல் மறந்துபோய் விளையாட்டு மட்டும் நிலைத்துவிட்டது. எது வேதம், எது இல்லை என்று திருச்சபை வகுப்பதற்கான 'கேனன்' என்ற சொல் துப்பறியும் கதைகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று ஸ்டார் வார்ஸ், மார்வெல் என்று எல்லோரும் இந்தச் சொல்லை வைத்துத்தானே அடித்துக்கொள்கிறோம்! டாயில் கட்டுரையைப் படித்துவிட்டு நாக்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஒரு மனிதர் இதற்காக இவ்வளவு மெனக்கெடுவாரா என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

டாயிலே வெளியிலிருந்து எடுத்துக்கொண்டதும் உண்டு. பேக்கர் தெரு வீட்டில் ஓர் ஏவல் பையன் பெயரில்லாமல் வந்துபோவான். வில்லியம் கில்லெட் என்ற அமெரிக்க நடிகர், டாயிலின் சம்மதத்தோடு 1899இல் மேடையேற்றிய நாடகத்தில் அந்தப் பையனுக்கு 'பில்லி' என்று பெயர் வைத்தார். (இங்கிலாந்து மேடைகளில் பில்லியாக நடித்த சிறுவர்களில் ஒருவர் சார்லி சாப்ளின்.) பிறகு டாயிலின் கதைகளிலேயே பில்லி வந்துவிட்டான்.

என்னைத் தூங்கவிடாத கதை ஆர்தர் விட்டேக்கருடையது. இங்கிலாந்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1911 வாக்கில் ஒரு ஹோம்ஸ் கதை எழுதி, சேர்ந்து வெளியிடலாமா என்று டாயிலுக்கே அனுப்பினார். அது முடியாது, கருவுக்கு வேண்டுமானால் பணம் தருகிறேன் என்று டாயில் கொஞ்சம் பணம் அனுப்பிவைத்தார். கதையை அவர் பயன்படுத்தவே இல்லை. டாயில் இறந்தபின் அவருடைய காகிதங்களுக்கிடையே அந்தப் பிரதி அகப்பட்டது. ஆகா, வெளிவராத ஹோம்ஸ் கதை! 1948இல் காஸ்மோபாலிட்டன் பத்திரிகை டாயில் பெயரிலேயே அச்சிட்டது. வயதாகிவிட்ட விட்டேக்கர், டாயில் தனக்கு எழுதிய பழைய கடிதத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. குடும்பம் கடைசியில் ஒத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார்.

கதையில் ஒரு கமா கூட மாறவில்லை. கடிதம் வெளிவரும்வரை அது கேனன், வெளிவந்த பிறகு ரசிகர் கதை. பிரதியில் இல்லாத ஏதோ ஒன்றைத்தான் நாம் கேனன் என்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த 'ஏதோ ஒன்று' பெரும்பாலும் பணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். லெஸ்லி கிளிங்கர் அமெரிக்க வக்கீல், ஹோம்ஸ் கதைகளுக்கு விரிவான உரை எழுதிய ரசிகர். புதிய ஹோம்ஸ் கதைகளின் தொகுப்பொன்றை அவர் கொண்டுவரவிருந்தபோது, உரிமத் தொகை கட்டு என்றது டாயில் எஸ்டேட். அமெரிக்காவில் அப்போது காப்புரிமை மிஞ்சியிருந்தது கடைசிப் பத்துக் கதைகளுக்குத்தான். ஆனால் ஹோம்ஸும் வாட்சனும் அந்தக் கடைசிக் கதைகளில்தான் முழுமையடைகிறார்கள், எனவே பாத்திரங்கள் மொத்தமும் எங்களுக்கே என்று எஸ்டேட் வாதிட்டது. யோசித்துப் பாருங்கள், இது இலக்கிய விமர்சனம். நாக்ஸ் சிரிப்புக்காகச் செய்ததை இவர்கள் காசுக்காகச் செய்தார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பழைய கதைகளின் ஹோம்ஸ் பொதுச்சொத்து என்றது. கிளிங்கரின் வக்கீல் செலவாக 30,000 டாலருக்கு மேல் எஸ்டேட் கொடுக்க வேண்டியும் வந்தது.

விட்டேக்கர் கதை இப்போது அவர் பெயரிலேயே தொகுப்பில் கிடைக்கிறது. படித்தேன், சுமார் ரகம்தான். டாயிலின் கடைசிக் காலக் கதைகள் சிலவும் சுமார் ரகம்தான் என்று நண்பனிடம் சொன்னேன். "அதெல்லாம் சரி, ஹாமிஷ் எந்தக் கதையில?" என்றான்.