கேள்வி கேட்பவளின் இடம்

கட்டற்ற மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் தாராள மனதின் வரலாறாகவே நமக்குச் சொல்லப்படுகிறது. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், தான் எழுதத் தொடங்கிய லினக்ஸின் நிரலை உலகத்தின் முன் வைத்தார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம். பட்டமோ பாஸ்போர்ட்டோ தேவையில்லை, நிரல் நன்றாக இருந்தால் போதும். இந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் கதவு திறந்திருப்பது ஒன்று, உள்ளே வந்தவளை உட்காரச் சொல்வது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பெண்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

அந்தச் சமூகங்கள் மின்னஞ்சல் குழுக்களில் கூடிப் பேசின. புதிதாக வந்த ஒருவர் சந்தேகம் கேட்டால் அடிக்கடி வந்து விழுந்த பதில் ஆர்.டி.எஃப்.எம். என்ற நான்கு எழுத்து. ‘கையேட்டைப் படி’ என்று பொருள். நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு. 2001இல் எரிக் ரேமண்ட், கேள்வி கேட்கும் முறை பற்றி நீண்ட வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். கேட்பதற்கு முன் தேடிப் பார், சிக்கலைத் துல்லியமாக விவரி என்று அதில் நல்ல அறிவுரைகள் பல உண்டு. பதிலில் தென்படும் கடுமையை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதே என்ற அறிவுரையும் உண்டு. ஆக, நாகரிகம் பழக வேண்டியவர் கேட்பவர். பொறுத்துக்கொள்ள வேண்டியவரும் கேட்பவரே.

நமக்கு இது புதிதல்ல. புகுந்த வீட்டில் அஞ்சறைப் பெட்டி எங்கே என்று யாரும் காட்டித் தருவதில்லை. கேட்டால், ‘இதுகூடத் தெரியாதா?’ என்பார்கள். கேட்காமல் தேடினால், ‘என்ன திமிர்!’ என்பார்கள். அந்த வீட்டு வழக்கங்கள் எங்கும் எழுதப்பட்டிருக்காது, மீறும்போதுதான் தெரியவரும்.

ஒரே கேள்விக்கு நூறாவது முறையாகச் சம்பளமில்லாமல் பதில் சொல்பவரின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சலிப்பின் சுமை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. ஓர் ஆண் அசட்டுக் கேள்வி கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை என்று முடிந்துவிடும். ஒரு பெண் கேட்டால் பெண்களுக்கே தெரியாது என்பதற்குச் சாட்சியாகிவிடும். இது தெரிந்தவள் கேட்கவே தயங்குகிறாள். மென்பொருள் துறைக்கு வந்த புதிதில் நானும் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் பிறர் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன். அந்த மௌனம் எந்தக் கணக்கிலும் வராது. ‘பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை’ என்றுதான் அது பதிவாகும்.

1990களின் இறுதியில் டெப் ரிச்சர்ட்சன் லினக்ஸ்சிக்ஸ் என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார். அதற்கு முக்கியமான விதிகள் இரண்டே: மரியாதையாக இரு, உதவியாக இரு. இன்று படித்தால் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைத்ததுபோல் தோன்றலாம். ஆனால் அன்று இது பெரிய மாற்றம், ஏனென்றால் பதில் சொல்பவருக்கும் நாகரிகம் வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின. 2002இல் அதே வட்டத்திலிருந்து வால் ஹென்சன், லினக்ஸுக்குப் பெண்களை ஊக்குவிப்பது எப்படி என்று ஒரு வழிகாட்டி எழுதினார். (பின்னாளில் வாலரி அரோரா என்று அறியப்பட்டவர் இவரே.) கற்றுக்கொடுக்கும்போது அவள் கையிலிருந்து விசைப்பலகையைப் பிடுங்காதே என்பது அதிலுள்ள அறிவுரைகளில் ஒன்று. ‘தள்ளு, நான் செய்து காட்டுகிறேன்’ என்ற குரலைக் கேட்டு வளர்ந்த எவளுக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. 2004இல் டெபியன் திட்டத்துக்குள்ளேயே டெபியன் விமன் என்ற குழு உருவானது.

2006இல் இரண்டு கணக்குகள் வெளிவந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஃப்ளாஸ்போல்ஸ் ஆய்வு, கட்டற்ற மென்பொருள் சமூகங்களில் பெண்கள் சுமார் 1.5 சதவீதம் என்றது. தனியுரிமை மென்பொருள் துறையிலோ சுமார் 28 சதவீதம். சம்பளத்துக்கு நிரல் எழுதும் இடத்தில் இருந்த பெண்கள், சுதந்திரத்தின் பெயரால் நடக்கும் இடத்தில் இல்லை. இரண்டாவது கணக்கு க்னோம் திட்டத்தினுடையது. கூகுள் நடத்திய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் க்னோமுக்கு வந்த விண்ணப்பங்கள் 181. அவற்றில் பெண்களுடையது ஒன்றுகூட இல்லை. உடனே ஹன்னா வாலக், கிறிஸ் பால் இருவரும் பெண்களுக்கென்றே ஒரு கோடைக்காலப் பயிற்சியை அறிவித்தார்கள். சுமார் நூறு பெண்கள் விண்ணப்பித்தார்கள்! அந்த நூறு பேரும் திடீரென்று முளைத்தவர்களல்ல. ‘உன்னைத்தான் கூப்பிடுகிறோம்’ என்று ஒருவர் சொல்லும்வரை வாசலுக்கு வெளியே நின்றவர்கள்.

மரீனா ஜுராகின்ஸ்கயாவின் முயற்சியால் 2010இல் அந்தப் பயிற்சி மீண்டும் தொடங்கி, 2015இல் அவுட்ரீச்சி என்று பெயர் பெற்றது. விண்ணப்பிக்கும் காலத்திலேயே வழிகாட்டி ஒருவரின் உதவியோடு சிறிய பங்களிப்பு ஒன்றைச் செய்துபார்க்க வேண்டும் என்பது அதன் நடைமுறை. முதல் கேள்வியைக் கேட்பதும் பதில் பெறுவதும் பயிற்சியின் பகுதியாகவே ஆனது. தேர்வானவர்களுக்கு ஊதியமும் உண்டு. இதுவரை அதில் பயின்றவர்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

வீட்டின் நடுக்கூடம் மாற இன்னும் காலம் பிடித்தது. 2013இல் லினக்ஸ் கருநிரலில் பணியாற்றிய சேஜ் ஷார்ப், டோர்வால்ட்ஸின் வசைமொழியைப் பொதுவில் எதிர்த்துக் கேட்டார். திறமையானவர்களிடையே மென்மை எதற்கு என்ற வாதமே பதிலாக வந்தது. 2015இல் ஷார்ப் அந்தப் பணியைவிட்டு விலகியதாக அறிவித்தார். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதே மாதம், கோரலைன் அடா எம்கே 2014இல் எழுதிய நடத்தை விதிகளைத் தழுவிய விதிகளை லினக்ஸ் ஏற்றது. கேட்டவர் வெளியேறி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது வேறொன்று. வரவேற்பதும் வேலைதான். பயந்து எழுதிய கடிதத்துக்குப் பதில் போடுவது, முதல் திருத்தத்தைப் பொறுமையாகப் பார்த்துக்கொடுப்பது, சண்டையை ஆற்றுவது எல்லாமே நேரமும் உடம்பும் கேட்பவை. நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எந்த நாளில் எழுதினார் என்று கணினி குறித்துவைக்கிறது. இந்த வேலையை அது குறித்துவைப்பதில்லை. நிரலே மரியாதை தரும், ஆவணம் எழுதுவதும் வடிவமைப்பதும் இரண்டாம்பட்சம் என்ற மனப்போக்கை ஃப்ளாஸ்போல்ஸ் ஆய்வு அன்றே சுட்டியது. விருந்துக்கு வந்தவர்கள் வீட்டுத் தலைவரைப் பாராட்டிவிட்டுப் போவதும் அடுப்படியில் நின்றவள் பெயர் யாருக்கும் நினைவில்லாமல் போவதும் நாம் பார்த்தவைதானே?

கருநிரலைவிட்டு விலகிய ஷார்ப், அவுட்ரீச்சியை நடத்துபவர்களில் ஒருவரானார். அங்கே அவர் செய்த வேலைக்குச் சம்பளம் உண்டு, பொறுப்பின் பெயர் உண்டு, பதிவும் உண்டு. புதியவர்களை வரவேற்கிறோம் என்று அறிவிக்கும் எந்தக் குழுவிடமும் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: இங்கே வரவேற்கும் வேலையை யார் செய்கிறார்கள், அதற்கு என்ன கொடுக்கிறீர்கள்?