கடற்கரை ஜூனிப்பர்: தாமதமாகப் பெயர் கிடைத்த மரம்

கண்ணெதிரே நிற்கும் ஒரு மரம் எந்த இனம் என்று சரியாகச் சொல்ல 110 ஆண்டுகள் ஆகுமா? ஆகியிருக்கிறது!

ஜூனிப்பர், சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அதில் நீல நிறத்தில் குட்டிப் பழம் போலத் தெரிவது உண்மையில் விதைக்கூம்பு. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் வளரும் ஜூனிப்பருக்கு 1897-ல் சார்லஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட் என்ற தாவரவியலாளர் ஜூனிபெரஸ் ஸ்காபுலோரம் என்று பெயரிட்டார். மேற்கே வெகு தூரத்தில், வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜட் சவுண்ட் கடற்கரையிலும் கனடாவின் வான்கூவர் தீவிலும் இதே போன்ற மரங்கள் இருந்தன. பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்ததால் அவற்றையும் அதே பெயரில் சேர்த்துவிட்டார்கள். தவறான தலைப்பில் பதிவான கணக்கு மாதிரி!

முதல் சந்தேகத்தைக் கிளப்பியது வாசனை. ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆய்வாளர் இலை எண்ணெய்களை ஒப்பிட்டு, கடலோர மரங்கள் வேறுபடுவதாக 1983-ல் எழுதினார். பிறகு டி.என்.ஏ. சோதனையும் அதையே சொன்னது. 2007-ல் அவரே அதைத் தனி இனமாக அறிவித்து, ஜூனிபெரஸ் மாரிடிமா என்று பெயர் வைத்தார். மாரிடிமா என்றால் கடல் சார்ந்தது.

அடையாளம் காண்பது எப்படி? மலை ஜூனிப்பரின் கூம்பு முதிர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். கடற்கரை ஜூனிப்பருக்கு 14 முதல் 16 மாதங்கள் போதும். விதையின் நுனியும் பெரும்பாலும் கூம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

வாழிடமும் வித்தியாசமானது. ஒலிம்பிக் மலைகளின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் இடங்கள் உண்டு. வடகிழக்கே மழை மறைவுப் பிரதேசத்தில் உள்ள சீக்விம் ஊரில் சுமார் 400 மி.மீ. தான். இந்த மறைவில் உள்ள தீவுகளிலும் கரைகளிலும், பாறையிலும் மணலிலும் இந்த மரம் வளர்கிறது. ஈரமான மண்ணில் டக்லஸ் ஃபர் போன்ற உயர்ந்த மரங்கள் நிழல் விரித்து இதை அமுக்கிவிடும்.

பின்னர் ஒலிம்பிக் மலைகளின் உயரத்திலும் சில மரங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கேயும் வறண்ட, வெயில் படும் பாறைச் சரிவுகள்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ராக்கி மலை ஜூனிப்பர் பல மாநிலங்களில் பரவிக் கிடப்பது. அந்தக் கணக்கில் இருந்தவரை, கடலோரத்தில் சில மரங்கள் போனாலும் பெரிய இழப்பாகத் தெரியாது. தனிப் பெயர் வந்த பிறகுதான் இதன் மொத்த இருப்பிடமே ஒரு சின்ன வட்டாரம் என்பது புரிந்தது.