மைசீனிய அரண்மனை ஆட்சியின் வீழ்ச்சி

கிரேக்கத்தில் கி.மு. 1200ஐ ஒட்டி மைசீனி, பைலோஸ், திரின்ஸ் அரண்மனைகள் அழிந்தன. நிலநடுக்கம், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம், வறட்சி எனப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன.

மேல்தட்டு வேரோடு சாய்ந்தது. 'வனாக்ஸ்' என்னும் அரசர் தலைமையிலான ஆட்சி மறைந்தது. வரியையும் கிடங்கிருப்பையும் களிமண் பலகைகளில் பதிந்த கணக்கர்களின் லீனியர் பி எழுத்தும் வழக்கொழிந்தது. ஊரளவிலான சிறு தலைவர்களே நிலைத்தனர்.

எளியவர்களும் தப்பவில்லை. பைலோஸில் நூற்கவும் நெய்யவும் அமர்த்தப்பட்ட நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அரண்மனை தானியமும் அத்திப்பழமும் படியளந்தது. அதன் அழிவோடு அந்தப் படியும் நின்றது. சுற்றியிருந்த மெசீனியாவில் பெரும்பாலான குடியிருப்புகள் வெறிச்சோடின. வரிச்சுமை நீங்கியதை மட்டும் வைத்து இந்த வீழ்ச்சியை விடுதலை எனக் கொள்ள முடியாது.

எல்லா இடத்திலும் ஒரே கதி நேரவில்லை. திரின்ஸில் கோட்டைக்கு வெளியே இருந்த கீழூர், அரண்மனை அழிந்தபின் விரிவடைந்தது. குயவுத் தொழிலும் தொடர்ந்தது.